எங்கே என்று கேட்காத மாப்பிள்ளை

வெளியே கிளம்புகிறவரைப் பார்த்து “எங்கே போகிறீர்கள்?” என்று கேட்கக் கூடாது என்று யாரோ ஒரு புண்ணியவான் சட்டம் போட்டுவைத்திருக்கிறார். அவர் என் மாமனார் ஓட்டிய காரில் ஒரு தடவை ஏறியிருந்தால் அன்றைக்கே அதை வாபஸ் வாங்கியிருப்பார்.

உலக யுத்தம் முடிந்த சமயம். எனக்குக் கல்யாணம் ஆன புதிது. மாமா அருப்புக்கோட்டையில் பருத்தி வியாபாரி; சொந்தக் காரைத் தானே ஓட்டுவார். கொஞ்ச நாளாக அவருக்கு மறதி. குளித்துவிட்டு வந்து மறுபடி குளிக்கப் போவார். “மாப்பிள்ளைக்கு எந்த ஊரு?” என்று என்னையே விசாரிப்பார் (பெண்ணைக் கொடுத்த பிறகு!). தூக்கமும் கெட்டதால் டாக்டர் ஒரு மருந்து கொடுத்தார். படுக்கும்போது மட்டும் குடிக்க வேண்டும், குடித்தால் காரைத் தொடக் கூடாது என்று கண்டித்தும் சொன்னார். குடித்ததையே மறந்துவிடுகிறவருக்கு இதெல்லாம் நினைவிருக்குமா என்று அவர் யோசிக்கவில்லை.

திருச்சுழிக் கோயிலில் என் கொழுந்தியாளுக்கு நிச்சயதார்த்தம். பெண்கள் முந்தின நாளே போய்விட்டார்கள். வாடகை டிரைவரை வைத்து மாமாவை அழைத்துவருவது என் பொறுப்பு. “அவுகள மட்டும் ஓட்ட விட்றாதீக” என்றார் அத்தை. பெரிய வக்கீல் மாதிரி தலையாட்டினேன்.

காலையில் டிரைவர் வருமுன்பே மாமா மருந்தைக் குடித்தார். சட்டை மாட்டிக்கொண்டு வந்து மறுபடியும் குடித்தார். பிறகு காரில் உட்கார்ந்து, “ஏறுங்க மாப்பிள்ளை” என்றார். நானும் ஏறினேன். (மாமனார் சொன்னால் கிணற்றிலும் இறங்குகிற வயசு.)

கார் திருச்சுழிப் பாதையை விட்டுவிட்டுப் பந்தல்குடி ரோட்டில் போயிற்று. கேட்க நாக்கு துறுதுறுத்தது. நல்ல காரியத்துக்குப் போகும்போது, அதுவும் புது மாப்பிள்ளை, எப்படிக் கேட்பது? கிழக்கே இருக்கிற திருச்சுழிக்குப் போனால் காலை வெயில் எதிரில் இருக்க வேண்டுமே என்று மூளையைக் கசக்கி, “வெயிலு மூஞ்சில அடிக்கலையே மாமா” என்றேன்.

“அதுவும் நல்லதுதான” என்றார்.

பந்தல்குடிக்குக் கிட்டே அவர் கண்கள் சொக்கின. எதிரே பருத்தி வண்டி. செத்தேன் என்றே நினைத்தேன். கடைசி நேரத்தில் மாடுகளுக்கு வழிவிட்டு, கார் முந்தின நாள் மழையில் ஊறிய கரிசல் காட்டுக்குள் இறங்கிப் புதைந்து நின்றது. அவரைப் பார்த்தேன்.

“மாப்பிள்ளை, நாம எங்க போறோம்?” என்றார்.

எனக்கு வந்த ஆத்திரத்தில் சத்தமாகவே சொன்னேன்: “திருச்சுழிக்கு! உங்க மக நிச்சயத்துக்கு!”

மாமா ஸ்டீயரிங்கைத் தடவினார்.

“கிளம்புனதுலருந்து நீங்க கேப்பீகன்னு பாத்தேன். கேட்டிருந்தா, எனக்குத் தெரியலன்னு சொல்லிருப்பேன். நானா எப்படிச் சொல்ல?”

மாமா சாவியைக் கழற்றி என் கையில் வைத்தார். அப்புறம் அவர் அதைத் திரும்பக் கேட்கவே இல்லை.

அந்த வண்டியிலேயே பருத்திப் பொதியின் மேல் உட்கார்ந்து திருச்சுழி போய்ச் சேர்ந்தோம். வேட்டியெல்லாம் கரிசல். நிச்சயம் நடந்தது, அத்தை என்னோடு ஒரு வாரம் பேசவில்லை.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் யார் கிளம்பினாலும் வாசலில் நிறுத்தி, “எங்க போறீக?” என்று ஊர் கேட்கக் கேட்பார்கள். வந்த விருந்தாளிகள் முகம் சுளிப்பார்கள். இப்போது எனக்கும் தூக்க மாத்திரை வந்துவிட்டது. ஸ்கூட்டர் சாவி என் மனைவியின் இடுப்பில். ஊர்ப் பெயரைச் சரியாகச் சொன்னால்தான் தருகிறாள். எரிச்சலாகத்தான் இருக்கிறது. நேற்று கொஞ்சம் யோசித்துத்தான் சொன்னேன்; அவள் சாவியைத் தரவில்லை.