துட்டி வீட்டில் விடைபெற்ற நரி

ஒரு காட்டில், காடு என்பது பேருக்குத்தான், பார்த்த இடமெல்லாம் செம்மணலும் உடைமுள்ளுமாய்க் கிடந்த தேரிக்காட்டில், ஓர் ஊர் இருந்தது. அங்கே வந்து மாட்டிக்கொண்டது பிச்சாண்டி என்கிற ஊர்சுற்றி நரி. வடக்கேயிருந்து அது ஓட்டிவந்த மோட்டார் சைக்கிள் மணலில் புதைந்து செயின் அறுந்துவிட்டது.

"செயினு டவுன்லேருந்து வரணும். வந்தா நாளைக்கு வரும், இல்லன்னா வராது" என்றது மெக்கானிக் முள்ளெலி.

நரி பட்டறையிலேயே உட்கார்ந்திருந்தபோது ஊரில் ஒரு கொலை விழுந்தது. தண்ணீர் லாரி வைத்திருந்த காட்டுப்பன்றி அணைஞ்சபெருமாள் கழுத்து நெரிபட்டுச் செத்துக் கிடந்தார். கழுத்தில் ஆழமான நகக்குறி. அப்படியொரு பிடி அந்த ஊரில் ஒருவருக்குத்தான் உண்டு: ஊர்த் தலைவர் உடும்பு கொம்பையா. லாரியைத் தனக்கு எழுதித் தரச்சொல்லி அவர் மிரட்டியதை ஊரே கேட்டது. ஊரே காதில் பஞ்சை வைத்துக்கொண்டது.

பிச்சாண்டிக்கு எதற்கு இந்த வம்பு? செயின் வந்ததும் கம்பி நீட்டினால் போதும். ஆனால் சாவு வீட்டைத் தாண்டிப் போகும்போது எட்டிப் பார்ப்பதுதான் மரியாதை என்று அதன் தாய் வளர்த்திருந்தாள். தெரியாத ஊரில் மரியாதை எவ்வளவு ஆபத்து என்பதை அந்தப் புண்ணியவதி சொல்லித்தரவில்லை.

உள்ளே, பிணத்தின் தலைமாட்டில் கொம்பையா குலுங்கிக் குலுங்கி அழுதுகொண்டிருந்தார். நரி கும்பிட்டது. எழும்போது பன்றியின் மனைவியிடம் பணிவாகச் சொன்னது: "போயிட்டு வரேம்மா."

ஒப்பாரி சட்டென்று நின்றது. துட்டி வீட்டிலிருந்து, சாவு வீட்டுக்கு அங்கே அதுதான் பேர், சொல்லாமல் கொள்ளாமல் எழுந்து போவதுதான் முறை. போய்ட்டு வாறேன் என்றால், இதே வீட்டில் அடுத்த சாவுக்கு வருகிறேன் என்று அர்த்தம்.

"கேட்டீகளா? அடுத்த பொணத்துக்கு நாள் குறிக்கான்!" என்று அலறினார் கொம்பையா. "பிடிங்கலே அவன!"

இன்ஸ்பெக்டர் செம்மறிக்கிடா வந்து நரியின் கழுத்தில் கயிற்றைப் போட்டார்.

"சார், பிணத்துமேல இருக்கிற நகக்குறியப் பாருங்க. என் நகத்தையும் பாருங்க!"

"நகத்த விடும்வே. நீரு நரி. ஒம்ம லெச்சணம் பள்ளிக்கூடப் பொஸ்தகத்துலயே போட்டிருக்கு. அதுக்கு மேல என்ன சாட்சி?"

நரி கூட்டத்தில் நின்ற முள்ளெலியைப் பார்த்துக் கெஞ்சியது. "அண்ணே, நான் உங்க பட்டறையிலதானே இருந்தேன்? ஒரு வார்த்தை சொல்லுங்கண்ணே!"

"இருந்தீரு. இல்லன்னு யாரு சொன்னா? இனிமே தண்ணி லாரி தலைவரு கையில. ஒமக்காவ எம் பிள்ளைக தவிச்ச வாயோட கெடக்கணுமா?"

மிச்சமிருந்தவள் புருஷனைப் பறிகொடுத்தவள் ஒருத்திதான். அவள் எழுந்து வந்தாள். நகக்குறியைப் பார்த்தாள், உடும்பின் கையைப் பார்த்தாள். நரிக்கு உயிர் வந்தது.

"கொன்னது தலைவருதாம்" என்றாள். ஊர் ஆமாம் என்று தலையாட்டியது. இன்ஸ்பெக்டருக்கு மட்டும் அந்நேரம் பார்த்து இருமல் வந்தது. "ஆனாலும் துட்டிக்கு மொத ஆளா வந்தாரு, பொணத்துக்குக் கோடித்துணி எடுத்துப் போட்டாரு, வந்த எடத்துல ஒரு வார்த்த பெசகல. இந்தப் பய எம் வீட்டுல இன்னொரு எழவு விழட்டும்னுட்டான். இவன உள்ள போடுங்கய்யா!"

ஜீப் நரியை ஏற்றிக்கொண்டு போனது. பாடைக்கு முதல் தோள் கொடுத்தவர் கொம்பையா. அவருடைய பெருந்தன்மையைப் பார்த்து அழாத கண்ணில்லை.

நீதி: யாரை வேண்டுமானாலும் கொல்லுங்கள், துட்டி வீட்டில் மட்டும் முறை தவறிவிடாதீர்கள்.