பசை சாரின் மூன்று அறிகுறிகள்

தாடியின் மேசை சுத்தமாக இருந்தது.

காலை ஒன்பதே காலுக்கு ஆறாவது மாடியில் நின்று அதைப் பார்த்தார் பசை. நேற்று மாலை வரைக்கும் அதில் நாலு காபிக் கோப்பை, பாதி தின்ற பிஸ்கட் பொட்டலங்கள், ஒற்றைக் காலுறை, எட்டு வருடத்துக் காகிதம் எல்லாம் இருந்தன. இன்றைக்கு மேசையின் மேல் ஒன்றுமே இல்லை. அது என்ன நிறம் என்பதே அன்றுதான் தெரிந்தது.

பசை என்பது அவருடைய பெயர் இல்லை. அந்தப் பெரிய கம்பெனியில் இன்ஜினியர்கள் வேலையை விட்டு ஓடிவிடாமல் ஒட்ட வைப்பது அவர் உத்தியோகம். அதனால் அவர்களாகப் பார்த்து வைத்த பெயர். தாடி என்பதும் அப்படி ஒரு பழைய இன்ஜினியருக்கு வைத்த பெயர்தான். முதல் தடவை காதில் விழுந்தபோது கோபப்பட்ட மாதிரி காட்டிக்கொண்டார், உள்ளூர அவருக்குப் பெருமைதான்.

ஒட்டுகிற விதமும் அப்படி. சேரும்போதே கம்பெனிப் பங்குகளைக் கொடுத்து, வருடத்துக்குக் கால் பாகம்தான் கைக்கு வரும் என்று சொல்லிவிடுவார்கள். முதல் கால் பாகம் வந்ததுமே புதிதாக இன்னொரு கட்டுப் பங்கு. ஆக, எந்த வருடம் கிளம்ப நினைத்தாலும் அடுத்த வருடம் வாங்க வேண்டியது ஏதாவது பாக்கி இருக்கும். அப்படியும் மீறிக் கிளம்புகிறவர்களுக்கு ரொக்கமாக ஒரு போனஸ். வாங்கினால் இரண்டு வருடம் அசையக் கூடாது.

யாராவது ராஜினாமா மெயில் போட்டால் அரை மணி நேரத்துக்குள் கூப்பிட்டு எதிரில் உட்கார வைத்துவிடுவார் பசை. தன் பிரிவில் புதிதாகச் சேர்கிறவர்களுக்கும் அதைத்தான் சொல்லிக் கொடுப்பார்.

"போகணும்னு முடிவு பண்ணவன் மெயில் போட மாட்டான், போயே போயிடுவான். யாராவது கூப்பிட்டு ஏன்னு கேக்க மாட்டாங்களாங்கறதுக்குத்தான் மெயிலே."

மெயில் வருவதற்கு முன்பே மோப்பம் பிடிப்பதற்கு மூன்று அறிகுறிகளும் வைத்திருந்தார். கிளம்புகிறவன் தன் பொருள்களை ஒழித்துச் சுத்தம் பண்ணுவான். அதுவரை சொல்லிக்கொண்டிருந்த குறையையெல்லாம் திடீரென்று நிறுத்திவிடுவான். தனக்கு மட்டுமே தெரிந்த வேலையைப் பொறுமையாக இன்னொருவருக்குச் சொல்லிக் கொடுப்பான்.

தாடி இரண்டு வாரமாக ஏசியைத் திட்டவில்லை. இப்போது பலகைக்கு முன்னால் நின்று, போன மாதம் சேர்ந்த பெண்ணுக்குக் கம்பெனியின் தேடுபொறி எப்படி வேலை செய்கிறது என்று படம் போட்டு விளக்கிக்கொண்டிருந்தார். எட்டு வருடமாக யாரிடமும் அரை வாக்கியத்துக்கு மேல் பேசாத மனுஷர்.

மூன்றும் பொருந்திவிட்டன.

அரையாண்டு முடிய மூன்று மாதம் இருந்தது. அதற்குள் ஆறாவது மாடியிலிருந்து ஒரே ஒருவர் கிளம்பினாலும் பசைக்குப் போனஸ் கிடையாது. அந்தப் போனஸை அவர் ஏற்கெனவே வீட்டில் வாக்குக் கொடுத்தாகிவிட்டது. அவர் மனைவி பாலங்களைச் சோதனை செய்கிற இன்ஜினியர். மகள் பிறந்தபோது வேலையை விட்டவள். ஆற்றோரமாக இருக்கிற இன்னொரு ஊரில் அவளுக்கு ஏற்ற வேலைகள் உண்டு. "இந்த போனஸ் கைக்கு வரட்டும், குடும்பத்தோட அங்கேயே போயிடலாம்" என்று ஐந்து வருடமாகச் சொல்லி வருகிறார். ஒவ்வொரு வருடமும் போனஸ் வரும். பயணத்துக்குப் பதிலாக வீட்டுக்கு ஏதாவது வரும். ஒரு வருடம் வளையல், ஒரு வருடம் பாத்திரம் கழுவும் மெஷின். போன வருடம் கார். எந்தப் பாலத்தைக் கடந்தாலும் அவள் காரை நிறுத்தச் சொல்லி இறங்கி, கைப்பிடிச் சுவரில் உள்ளங்கையை வைத்துப் பார்ப்பாள். அதைப் பார்க்கும்போதெல்லாம் பசைக்கு மனசு உறுத்தும். இந்தத் தடவை நிஜமாகவே போய்விட வேண்டும் என்றிருந்தார்.

அன்று காலைகூட ஷூ மாட்டும்போது அவள் வந்து நின்றாள்.

"உங்ககிட்ட கொஞ்சம் பேசணும்."

"இப்ப ஓட்டமா ஓடிக்கிட்டிருக்கேன்மா. மெயில் போட்டு வையேன், பாத்துடறேன்."

அவர்கள் வீட்டில் இது வழக்கம்தான். பள்ளிக்கூடக் கட்டணம், குழாய் ரிப்பேர் எல்லாம் மெயிலில்தான் நடக்கும். பத்து மணிக்கு மெயில் வந்தது. தாடி விஷயத்தில் மூழ்கியிருந்த பசை, அப்புறம் படிக்கலாம் என்று அதற்கு ஒரு நட்சத்திரம் போட்டு வைத்தார்.

தாடியை அறைக்குக் கூப்பிட்டார்.

"என்ன தாடி, எப்படிப் போகுது?"

"போகுது சார்."

'போகுது' என்ற சொல்லே பசைக்குப் பிடிக்கவில்லை. போனஸ் காகிதத்தை எதிரில் நகர்த்தினார். தொகையைப் பார்த்த தாடி கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"எதுக்கு சார் இது?"

"எதுக்குன்னு உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ரெண்டு வருஷம் இங்கயே இருந்தா போதும்."

"நான் எங்க சார் போகப்போறேன்?"

"எல்லாரும் அப்படித்தான் சொல்வாங்க. கையெழுத்துப் போடுங்க."

தாடி போட்டார். வீடு தேடி வரும் லட்சுமியை வேண்டாம் என்று சொல்ல அவருக்கு என்ன பைத்தியமா?

விஷயம் மதியச் சாப்பாட்டுக்குள் மாடி முழுக்கப் பரவிவிட்டது. தாடி மேசையைத் துடைத்தார், போனஸ் வந்தது. அவ்வளவுதான் எல்லாருக்கும் புரிந்தது. திங்கட்கிழமை பசை வந்து பார்த்தால் பதினோரு மேசைகள் பளபளவென்று இருக்கின்றன. புதன்கிழமை முப்பது. மாடியைப் பெருக்கித் துடைக்கிற அம்மா துடைப்பத்தோடு அவர் அறைக்கே வந்துவிட்டார்.

"ஏன் சார், எல்லாரும் அவங்கவங்களே துடைச்சுக்கறாங்களே, என்னை வேலையை விட்டு அனுப்பப்போறீங்களா?"

"ஐயோ, நீங்களும் கிளம்பறீங்களா?" என்று பதறிப்போன பசை, அந்த அம்மாவுக்கும் ஒரு சிறு போனஸ் எழுதிக் கையெழுத்து வாங்கினார்.

கை மீறிப் போகிறது என்று தெரிந்ததும், மேசைச் சுத்தம் இனிமேல் கணக்கில் வராது என்று ஜாடையாகச் சொல்லி வைத்தார். அப்படியென்றால் வேறு எது கணக்கில் வரும் என்று கண்டுபிடிப்பது இன்ஜினியர்களுக்குப் பெரிய விஷயமா? அடுத்த நாளிலிருந்து ஆறாவது மாடியில் ஒருத்தரும் குறை சொல்லவில்லை. கூரையிலிருந்து தண்ணீர் சொட்டியது, குடை பிடித்துக்கொண்டு வேலை பார்த்தார்கள். வாடிக்கையாளர்கள் பணம் கட்டுகிற வெப்சைட் பக்கம் இரண்டு நாள் படுத்துக் கிடந்தது. பார்த்தவர்கள் பதினாலு பேர். யாரும் வாயைத் திறக்கவில்லை.

இயக்குநர் மேடம் பசையைக் கூப்பிட்டு வறுத்தெடுத்தார்.

"என்னதான் நடக்குது உங்க மாடியில?"

"எல்லாரும் ரொம்பத் திருப்தியா இருக்காங்க மேடம்."

"திருப்தியா இருக்கற இன்ஜினியரை நான் இருபது வருஷத்துல பாத்ததில்லை. போய்ச் சரி பண்ணுங்க."

சரி பண்ணுவதற்காக, குறை சொல்கிறவர்களுக்குப் பரிசு என்று அறிவித்தார். பரிசு எவ்வளவு, போனஸ் எவ்வளவு என்று ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு அவர்கள் மூன்றாவது அறிகுறிக்குத் தாவினார்கள். எங்கே பார்த்தாலும் பாடம். கூட்ட அறைகளில், லிப்டில், கை கழுவும் இடத்தில்கூட ஒருவர் இன்னொருவரைப் பிடித்து நிறுத்திச் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தார். அத்தனை பேரும் வாத்தியாராகிவிட்டதால் படிக்க ஆள் கிடைக்கவில்லை. பசை ஒவ்வொருவராகக் கூப்பிட்டு ஒட்டிக்கொண்டே இருந்தார்.

இத்தனை ரகளையிலும் அவருக்கு ஆறுதலாக இருந்தது வீடுதான். முன்னெல்லாம் எட்டு மணிக்கு மேல் போனால் மனைவி முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வாள். இப்போது ஒரு வார்த்தை கேட்பதில்லை. "சாப்பாடு மூடி வெச்சிருக்கேன்" என்பதோடு சரி. அலமாரியில் ஐந்து வருடமாகச் சண்டை போட்டும் கிடைக்காத மேல்தட்டு அவர் சட்டைகளுக்குக் கிடைத்தது. ஒரு சனிக்கிழமை அவரைத் துணி துவைக்கும் மெஷினுக்கு முன்னால் நிறுத்தி, எந்தப் பொத்தான் எதற்கு என்று நிதானமாகச் சொன்னாள். அடுத்த சனிக்கிழமை மகளுக்கு எப்படி ஜடை பின்னுவது என்று காட்டினாள். அவர் பின்னியது கோணிக்கொண்டு நின்றது. மகள் கண்ணாடியில் திரும்பித் திரும்பிப் பார்த்தாள்.

"நல்லா வரும், பழகிடும்" என்றாள் மனைவி.

நமக்கும் வீட்டு வேலை வருகிறதே என்று பசைக்கு ஒரே சந்தோஷம். மறுநாள் ஆபீஸில் நாலு பேரிடம் சொல்லிக்கொண்டார்.

ஒரு தொந்தரவு உண்டென்றால் மனைவி எடுத்து வைத்த பெரிய பெட்டிதான். படுக்கையறை நடுவில் ஒரு மாதமாக வாயைத் திறந்துகொண்டு கிடந்தது. பழைய துணிகளைத் தரம் பிரிக்கிறாள் போலிருக்கிறது. அரையாண்டின் கடைசி நாளுக்கு முந்தின நாள் காலை, அதில் மூன்றாவது தடவையாகக் காலை இடித்துக்கொண்டார்.

"என்னம்மா இது, எத்தனை நாள் இப்படித் திறந்தே கிடக்கும்? மூடிடேன்."

அவள் கையிலிருந்த புடவையோடு அவர் பக்கம் திரும்பினாள்.

"மூடிடட்டுமா?"

"மூடிடு. காலை இடிக்குது."

"சரிங்க" என்றாள்.

மறுநாள் அரையாண்டு முடிந்தது. ஆறாவது மாடியிலிருந்து ஒரு ஈ காக்கைகூடக் கிளம்பவில்லை. மேடம் முகத்தைக் கடுகடுவென்று வைத்துக்கொண்டுதான் காகிதத்தை நீட்டினார்.

"மூணு வருஷப் பணத்தை மூணு மாசத்துல கரைச்சிருக்கீங்க. ஆனா யாரும் போகலை, அதை ஒத்துக்கணும். இந்தாங்க உங்க போனஸ். இந்தத் தடவையிலேர்ந்து உங்களுக்கும் அதே ரெண்டு வருஷம்."

"ரெண்டு வருஷமா?"

"நீங்க எழுதின விதிதானே?"

பசையின் பேனா அந்தரத்தில் நின்றது. பாலத்துச் சுவரில் உள்ளங்கையை வைத்து நிற்கும் மனைவி ஞாபகத்துக்கு வந்தாள். ஐந்து வருடம் பொறுத்தவள், இன்னும் இரண்டு வருடம் பொறுக்க மாட்டாளா? தொகையும் கொஞ்சநஞ்சமில்லை. இந்தத் தடவை அவளையே கூட்டிக்கொண்டு போய், பிடித்ததை வாங்கிக்கொள்ளச் சொல்லலாம். கையெழுத்துப் போட்டார். தப்புப் பண்ணிவிட்டோம் என்று அவருக்கே தெரிந்தது.

ஆபீஸில் உட்காரப் பிடிக்காமல் மூன்று மணிக்கே கிளம்பினார். லிப்டில் தாடி இருந்தார்.

"சார், ரொம்ப நாளா ஒண்ணு கேக்கணும்னு. எனக்கு எதுக்கு சார் அந்த போனஸ்?"

"மேசையைக் காலி பண்ணீங்களே?"

"எறும்பு சார். பிஸ்கட்டுக்கு வந்துடுச்சு."

"ஏசியைத் திட்டறதை நிறுத்துனீங்களே?"

"ஏசியைச் சரி பண்ணிட்டாங்களே சார்."

"அந்தப் பொண்ணுக்கு அவ்வளவு பொறுமையா..."

"அது கேட்டுச்சு, சொன்னேன். என்கிட்ட இதுவரைக்கும் யாரும் கேட்டதில்ல சார்."

பசைக்குச் சிரிப்பு வந்தது. மூன்று மாதம், ஒரு மாடி முழுக்கப் போனஸ், எல்லாம் நாலு எறும்புக்காக. இதை மனைவியிடம் சொன்னால் விழுந்து விழுந்து சிரிப்பாள். சிரித்து முடிக்கிற சமயம் பார்த்து அந்த இரண்டு வருடத்தையும் சொல்லிவிடலாம் என்று வழி நெடுக ஒத்திகை பார்த்துக்கொண்டே போனார்.

கதவைத் திறந்தது மகள். அப்போதுதான் பள்ளிக்கூடத்திலிருந்து வந்திருந்தாள். கோணல் ஜடை, தானே பின்னிக்கொண்டது. உள்ளே சாப்பாட்டு மேசை சுத்தமாக இருந்தது. மனைவியின் புத்தகங்கள், மூக்குக் கண்ணாடிக் கூடு, பாதி போட்ட பாலத்துப் படங்கள், ஒன்றும் இல்லை. பசை அந்த மேசையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"அம்மா எங்கம்மா?"

"காலையில ஒன்பது மணி ரயில்ல போயிட்டாங்கப்பா. நாளைக்கு வேலையில சேரணுமே. பரீட்சை முடிஞ்சதும் நானும் போயிடுவேன்."

போனை எடுத்தார். மூன்று மாதத்து மெயில்களைத் தள்ளித் தள்ளி அந்த நட்சத்திரத்தைத் தேடிப் பிடித்தார். நாலே வரிதான். 'எனக்கு அங்கே வேலை கொடுத்திருக்கிறார்கள். தொண்ணூறு நாளில் சேர வேண்டும். போவதா, வேண்டாம் என்பதா, இன்னும் முடிவு பண்ணவில்லை. ஒரு தடவை உட்கார்ந்து பேசலாமா?'

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லாமலேயே கிளம்பிட்டாளே" என்றார். அது அவருக்கே கேட்கவில்லை.

மகள் அவருக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

"நீங்க கூப்பிட்டுப் பேசுவீங்கன்னுதாம்பா ஒரு மாசமா அம்மா பெட்டியை மூடாமயே வெச்சிருந்தாங்க. நேத்து நீங்கதானே மூடச் சொன்னீங்க?"