எனக்கக்கா வாங்க மறுத்த பட்டம்

திருகோணமலைத் துறைமுகத்துக்கு எத்தனையோ நாட்டுக் கப்பல்கள் வந்து போகின்றன. அவற்றில் வந்திறங்கிய எந்த மனிதரும் எங்கள் ஒழுங்கை என்கிற சின்னத் தெருவில் இருக்கும் எனக்கக்காவுக்கு ஈடாக மாட்டார் என்று நான் சத்தியம் செய்யத் தயார். "நீங்கள் ஒரு சுயநலக்காரி" என்று முகத்துக்கு நேரே சொன்னால், "ஓம், கண்டுபிடிச்சிட்டியளோ" என்று சந்தோஷப்படக்கூடிய ஒரே பெண் அவர்தான்.

அவருக்குச் சொந்தப் பெயர் ஒன்று இருந்தது. அதைத் தபால்காரர் மட்டுமே பயன்படுத்தினார். எதைப் பங்கு வைத்தாலும் "முதல் எனக்கு" என்று கையை நீட்டுவதால் ஒழுங்கைச் சனம் எனக்கக்கா என்று பெயர் வைத்துவிட்டது. அது காதில் விழுந்தபோது அவர் கோபிக்கவில்லை. தன் தையல் கடையின் பெயர்ப் பலகையில் அதையே எழுதினால் எடுப்பாக இருக்குமா என்று என்னிடம் ஆலோசனை கேட்டார்.

உட்துறைமுக வீதிக்குத் திரும்பும் முனையில்தான் அந்தக் கடை. பின்னேரம் நாலு மணியானால் பூட்டு விழும். பிறகு அக்கா ஒரு கடதாசிச் சரை கடலையோடு கடலைப் பார்த்துக்கொண்டு குந்தியிருப்பார். ஒரு தீபாவளிக்கு முதல் நாள் நாலு மணிக்கு ஒரு பெண் துணியோடு ஓடி வந்து, "எனக்காக ஒருக்கா, அக்கா" என்று கெஞ்சினாள்.

"உங்களுக்காகத் தைச்சாக் கை கோணும், பிள்ளை" என்றார் அக்கா, கதவை இழுத்துக்கொண்டே. "தைச்சுத் தாறன் எண்டு சொன்ன ஒண்டையும் நான் பிந்திக் குடுத்ததில்லை. இதைத் தாறன் எண்டு நான் சொல்லவே இல்லையே."

நான் முதன்முதலாக அவர் வீட்டில் சாப்பிட்ட நாளை மறக்க முடியாது. பாரைமீன் குழம்பு. சட்டியில் இருந்த ஆகப் பெரிய துண்டை எடுத்து, விருந்தாளியான என் சோற்றுக் கோப்பையைக் கவனமாகச் சுற்றிக் கொண்டுபோய்த் தன் கோப்பையில் வைத்தார். நான் பார்த்த பார்வையை அவர் கவனித்துவிட்டார்.

"என்ன பாக்கிறியள்? காய்ச்சினது நான். இந்தத் துண்டு எனக்கு விருப்பம். இதை உங்களுக்கு வைச்சிட்டு, நீங்கள் தின்னுறதை நான் பாத்துக்கொண்டிருந்தா எனக்கு உங்களில வெறுப்பு வரும். அது உங்களுக்கு நல்லதோ?"

நல்லதில்லை என்று ஒப்புக்கொண்டு சின்னத் துண்டைச் சாப்பிட்டேன். குழம்பு அருமை.

எங்கள் சனசமூக நிலையத்தின் தலைவர் ஓர் ஓய்வுபெற்ற ஆசிரியர். மேடை ஏறினால் மூன்றாவது வசனத்தில் தொண்டை கம்மும், ஐந்தாவதில் கண்ணீர் வரும். அதனால் அவர் உருக்கம் மாஸ்டர். அவருக்கும் எனக்கக்காவுக்கும் முதல் மோதல் ஒரு புதுவீடு குடிபூரலில் நடந்தது. விடிய எழும்பிச் சமைத்த பெண்கள் எல்லாரும் சுவரோடு ஒட்டி நிற்க, ஆண்கள் முதல் பந்திக்கு வரிசையாக அமர்ந்தார்கள். நடுவில் எனக்கக்கா போய் இருந்தார்.

"தங்கச்சி, பொம்பிளையள் எல்லாருக்கும் குடுத்துப்போட்டுச் சாப்பிடுறதுதானே அழகு" என்றார் மாஸ்டர், கனிவோடு.

"அழகு உங்களுக்கு, மாஸ்டர். பசி எனக்கு."

சுவரோடு நின்ற பெண்களில் ஒருத்தி சிரித்தாள். பிறகு அவளும் வந்து இருந்தாள். மற்றவர்களும் வந்தார்கள். அன்றைக்கு மாஸ்டர் வாளியைத் தூக்கிச் சாம்பார் வார்க்க வேண்டியதாயிற்று. நன்றாகத்தான் வார்த்தார்.

இப்படிப்பட்டவருக்குத் 'தியாகத் தாய்' என்று பட்டம் கொடுக்க வேண்டும் என்ற யோசனை யாருக்கு வரும்? மாஸ்டருக்குத்தான் வந்தது. காரணம் இருந்தது. மகள் வதனி கைக்குழந்தையாக இருந்தபோதே அக்காவின் கணவர் இறந்துவிட்டார். தனியாக நின்று வளர்த்த மகள் இப்போது கப்பல் துறைப் படிப்பை முடித்து, சரக்குக் கப்பலில் பயிற்சி அதிகாரியாகப் போகத் தெரிவாகியிருந்தாள். கணவன் இல்லை, தையல் மெசின் இருக்கிறது, பிள்ளை படித்துவிட்டது. மாஸ்டரின் கணக்கில் இந்த மூன்றையும் கூட்டினால் வருகிற விடை தியாகம். பாராட்டுரையை எழுதுகிற வேலை என் தலையில் விழுந்தது. "தன்னை உருக்கி ஒளி தந்த மெழுகுதிரியே" என்று தொடங்கினேன்.

அக்காவிடம், "உங்களைக் கௌரவிக்கப் போறம்" என்று மட்டும் சொல்லி வைத்தோம். அவர் கேட்டது ஒன்றே ஒன்று: "பொன்னாடை என்ன நிறம்?"

விழா அன்று மண்டபம் நிறைந்துவிட்டது. நான் மெழுகுதிரியை வாசித்து முடித்தேன். மேடையில் இருந்த அக்கா தன் பருத்த கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "எந்த இடத்தில உருகியிருக்கு?" என்று என்னை மெதுவாகக் கேட்டார். அந்த அளவில் முடிந்திருந்தால் நல்லது. மாஸ்டர் எழும்பி ஒலிவாங்கியைப் பிடித்தார்.

"தாயைப் போல பிள்ளையும்" என்றார். "அம்மாவைத் தனிய விட்டிட்டுப் போகலாமோ எண்டு வதனி என்னட்டை வந்து கேட்டவ. பெத்த தாயைவிடக் கப்பல் பெரிசோ எண்டு நான் கேட்டனான். பிள்ளை விளங்கிக்கொண்டிட்டா. அந்தக் கப்பல் வேலை வேண்டாமெண்டு முடிவெடுத்திட்டா. ஆகவே தியாக மகள் பட்டமும் இந்த மேடையிலேயே..."

அவருக்குக் கண்ணீர் வந்துவிட்டது. அக்காவுக்கு முகம் வெளுத்துவிட்டது. வேலைக்குக் கூப்பிடுவது பிந்துகிறது என்றுதான் வீட்டில் மகள் சொல்லி வைத்திருந்தாள். ஒழுங்கை முழுவதற்கும் தெரிந்த சங்கதி தாய்க்கு மட்டும் தெரியாது.

அக்கா எழும்பிப் போய் மாஸ்டரின் கையிலிருந்து ஒலிவாங்கியை வாங்கினார். முன்வரிசையில் இருந்த வதனி தலையைக் குனிந்துகொண்டாள்.

"வேண்டாமெண்டு சொல்லிப்போட்டியோ, வதனி?"

"இன்னும் இல்லை, அம்மா. வாற கிழமை சொல்ல இருந்தனான்."

அக்கா ஒரு பெரிய மூச்சு விட்டார். பிறகு சபையைப் பார்த்தார்.

"இவளின்ர அப்பா செத்த வீட்டில எல்லாரும் எனக்குச் சொன்னது ஒரே கதை. இனி உனக்கெண்டு ஒண்டுமில்லை, பிள்ளைக்காக வாழ் எண்டு. நான் கேக்கேல்லை. பசிச்சாச் சாப்பிட்டனான். விருப்பமான தொழிலைச் செய்தனான். இவளை வளத்ததும் எனக்கு ஆசையா இருந்தபடியாத்தான். இவளைப் போல நல்ல விசயம் எனக்கு வேற ஒண்டும் இருக்கேல்லை. அதைப் போய்த் தியாகம் எண்டிறியள். தியாகமெண்டா, இவளைவிடப் பெரிசா எதையோ நான் கைவிட்டிட்டு இவளைத் தூக்கிச் சுமந்தன் எண்டெல்லோ அர்த்தம்? என்ர பிள்ளை என்ன அவ்வளவு மலிவோ?"

அவர் மகள் பக்கம் திரும்பினார்.

"நீ எனக்காக இங்க இருந்தா, நான் ஒவ்வொரு நாளும் உன்ர முகத்தில அந்தக் கப்பலைப் பாக்க வேணும். நான் என்ன குற்றம் செய்தனான்? எனக்கேன் அந்தத் தண்டனை?"

"நீங்கள் தனிச்சுப்போவியள், அம்மா."

"ஓம், தனிச்சுத்தான் போவன். கவலையாத்தான் இருக்கும். அது என்ர கவலை, அதை நான் பாப்பன். உனக்குப் போக விருப்பமோ, இல்லையோ? அதை மட்டும் சொல்லு."

வதனி நிமிர்ந்து, "விருப்பம், அம்மா" என்றாள். "சரியான விருப்பம்."

"அப்ப முடிஞ்சுது."

மாஸ்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டு கடைசி முயற்சியாகக் கேட்டார். "எல்லாரும் இப்பிடித் தங்களையே பாத்தா உலகம் என்னாகும், தங்கச்சி?"

"எல்லாரும் தங்கட தங்கட அலுவலைப் பாப்பினம், மாஸ்டர். மற்றவையின்ர பிள்ளையைப் போகாதை எண்டு மறிக்க ஒருத்தருக்கும் நேரம் இருக்காது."

பின்வரிசையில் யாரோ கை தட்டினார்கள். பெண்கள் பக்கம்தான். அக்கா மேசையில் இருந்த பட்டத் தகட்டைத் தள்ளி வைத்துவிட்டுப் பொன்னாடையைத் தொட்டுப் பார்த்தார்.

"துணி நல்ல துணி. நல்ல தையல்காரி எண்டு சொல்லிப் போடுறதெண்டாப் போடுங்கோ. வேற பேருக்கு வேண்டாம்."

மாஸ்டர் அப்படியே சொல்லிப் போர்த்திவிட்டார். அதன் பிறகு ஒரு வருடம் அக்காவோடு அவர் கதைக்கவில்லை.

வதனி கொழும்புக்குப் புறப்பட்ட காலை, பஸ் நிலையத்தில் எனக்கக்கா அழுத அழுகையைக் கண்டு கச்சான் கடலை விற்றவர்கூட வியாபாரத்தை நிறுத்திவிட்டார். போய் வா என்று சிரித்துச் சிரித்துக் கை காட்டியவர், பஸ் வளைவில் மறைந்ததும் ஓவென்று தொடங்கினார்.

"நீங்கள்தானே அக்கா போகச் சொன்னது" என்றேன், என்ன செய்வதென்று தெரியாமல்.

"ஓம். அவள் போகத்தான் வேணும். எனக்கு அழ வேணும் போல கிடக்கு, அழுறன். இதிலயும் ஆரும் பங்கு கேக்கப்படாது."

தாய் மனசு கல்லு என்று ஒழுங்கையில் சொன்னவர்கள் இருந்தார்கள். வருத்தம் வந்து படுக்கட்டும், அப்போது தெரியும் என்றும் சொன்னார்கள். ஆனால் வருத்தம் வந்து படுத்தது நான்தான். டெங்கு. மூன்று வாரம் கட்டிலோடு கிடந்தேன். சொந்தக்காரர்கள் வந்தார்கள், வராவிட்டால் குறை என்று. கந்தோரில் என்னோடு வேலை செய்கிற ஆட்கள் வந்தார்கள், ஒருக்கா எட்டிப் பார்க்க வேண்டும் என்று. எல்லாரும் மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டே இரக்கப்பட்டார்கள்.

எனக்கக்கா மட்டும் ஒவ்வொரு நாளும் பின்னேரம் ஒரு கேத்தல் கஞ்சியோடு வந்து கதிரையை இழுத்துப் போட்டு இருந்தார். எனக்குக் கூச்சமாகிவிட்டது.

"உங்களுக்கு ஏனக்கா என்னால இந்தக் கரைச்சல்?"

"கரைச்சலெண்டா வருவனோ? உங்களோட கதைச்சுக்கொண்டிருக்க எனக்கு விருப்பம். நீங்கள் போய்ச் சேந்திட்டா எனக்கெல்லோ நட்டம். பேசாமக் குடியுங்கோ."

அந்தக் கட்டிலில் கிடந்தபோது எனக்கு இரக்கப்பட்டு வந்தவர்கள் நிறையப் பேர். நான் வேண்டும் என்று வந்தவர் அவர் ஒருவர்தான். கஞ்சியில் உப்புக் கொஞ்சம் கூடிப்போயிருந்தது. கேத்தலைக் கவிழ்த்துக் கடைசிச் சொட்டுவரை குடித்தேன்.