சனியை நேருக்கு நேர்

பெரிய பெரிய ஆராய்ச்சிக் கட்டுரைகளை நம்பி, சொந்தத் தெருவிலேயே அசிங்கப்பட்டவள் நான். இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. வெட்கப்பட வேண்டியவர்கள் வேறு ஆட்கள்.

என் முனைவர் பட்ட ஆய்வு, வகுப்பறைக்கு வெளியே வானியல் கற்பிப்பது பற்றியது. இந்தத் துறையில் இப்போதைய போக்கு என்ன தெரியுமா? மக்களைக் கோளரங்கத்துக்குக் கூப்பிடாதே, தொலைநோக்கியைத் தூக்கிக்கொண்டு நீயே அவர்களிடம் போ. போனால் போதுமாம், ஆர்வம் தானாகப் பொங்குமாம். (பொங்கியது என் வயிற்றெரிச்சல்தான்.)

ஒரு நிகழ்ச்சியையாவது நேரில் பார்த்தால்தான் ஆய்வேட்டில் கையெழுத்துப் போடுவேன் என்று என் நெறியாளர் சொல்லிவிட்டார். ஆகவே செல்லூரில் எங்கள் வீட்டு மொட்டைமாடியிலேயே ஏற்பாடு செய்தேன். கல்லூரித் தொலைநோக்கியை ஷேர் ஆட்டோவில் மடியில் வைத்துக் கொண்டுவந்தேன். தெருமுனையில் தட்டி கட்டினேன்: "வாருங்கள்! சனியை நேருக்கு நேர் பாருங்கள்!" எல்லாரும் வரட்டுமே என்று சனிக்கிழமையாகவும் பார்த்து வைத்தேன்.

சனி பகவான் சந்நிதியில் யாரும் எதிரே நிற்க மாட்டார்கள், பக்கவாட்டில் ஒதுங்கித்தான் கும்பிடுவார்கள் என்பது மதுரையில் பால்குடிக்கிற பிள்ளைக்கும் தெரியும். எனக்கும் தெரியும். ஆனால் என் மண்டைக்குள் அப்போது வளையம் மட்டும்தான் சுற்றிக்கொண்டிருந்தது.

இருட்டத் தொடங்கியதும் கூட்டம் வந்தது. செருப்பைக் கீழேயே கழற்றிவிட்டு வந்தது. எதிர்வீட்டில் தறி ஓட்டும் பவுனு அக்கா, தொலைநோக்கியின் காலடியில் எள் தீபம் ஏற்றினார். பிறகு பக்கவாட்டில் தள்ளி நின்று, கண்ணை மூடிக் கும்பிட்டார். வரிசையும் அவர் பின்னாலேயே வளைந்தது.

"அக்கா, இதுல கண்ண வச்சுப் பாருங்க. வளையம் தெரியும்."

"நல்லாருக்கே! அவரு பார்வ படக்கூடாதுன்னுதான வாராவாரம் வெளக்குப் போடுறேன். நீ இம்புட்டுப் பெருசாக்கி வேற காட்டுற?"

"அது வெறும் வாயு உருண்டைக்கா!"

"அவரு முன்னாடியே இப்பிடிப் பேசாத தாயி."

என்ன அநியாயம்! நூற்றுமுப்பது கோடி கிலோமீட்டருக்கு அப்பால் இருப்பதைக் கொண்டுவந்து கண்முன் வைத்தால், கண்ணையா மூடுவது?

அந்த நேரத்தில் என் நெறியாளர் மூச்சுவாங்க மாடியேறி வந்தார். இந்தத் துறையில் கத்தை கத்தையாகக் கட்டுரை எழுதியவர். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"சார், நீங்க பாருங்க சார். நீங்க பாத்தா எல்லாரும் பாப்பாங்க."

அவர் கூட்டத்தைப் பார்த்தார். தீபத்தைப் பார்த்தார். ஷூவைக் கழற்றிவிட்டு வந்து, பவுனு அக்காவுக்குப் பக்கத்தில் ஒதுங்கி நின்றார்.

"எனக்கு ஏழரை நடக்குதும்மா," என்றார் தணிந்த குரலில். "நிலாவக் காட்டேன்."

நிலா வெளிச்சம் இடைஞ்சல் என்று நான் தேடிப்பிடித்த அமாவாசை அது. அவருக்கு அதைச் சொல்லும்போது என் குரல் எகிறியதில் தெருநாய்கூடக் குரைப்பதை நிறுத்திவிட்டது.

"பொதுமக்கள் பங்கேற்பு மிகச் சிறப்பு" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். பட்டமும் வந்தது. அன்று வளையத்தைப் பார்த்தது நான் ஒருத்திதான்.

ஆனால் எங்கள் வீட்டில் யாரும் என்னை டாக்டர் என்று அழைப்பதில்லை. நான் கோபத்தோடு உள்ளே நுழைந்தால் தம்பி சுவரோரம் ஒதுங்கிக் கைகூப்புவான். கல்யாணமான மறுமாதமே என் வீட்டுக்காரரும் கற்றுக்கொண்டார். போன வாரம் பால் தம்ளரைத் தட்டிவிட்ட என் மகள், நான் "ஏய்!" என்று திரும்புவதற்குள் பீரோவுக்குப் பக்கவாட்டில் போய் நின்று, கண்ணை இறுக்க மூடிக் கும்பிட்டாள்.