கன்னி ராசிக்குப் பார்ட்டி இல்லை

“சார், சிம்ம ராசிக்கு ‘நஷ்டம்’னு வந்திருக்காம்.”

பாண்டிச்செல்வி போனை வைத்துவிட்டுச் சொன்னாள். சீனிவாசகம் வாய்வரை கொண்டுபோன டீயைக் குடிக்காமலே கீழே வைத்தான்.

“யாருக்கு?”

“மதுரை ஜவுளிக்கடைப் பார்ட்டிக்கு. நாம அனுப்புன மாதிரித் தாளைப் பாத்தாகளாம். வருஷா வருஷம் கடை தொறந்த நாளுன்னு பூஜை போடுற தேதியில பாத்து நஷ்டம்னு போட்டிருக்காம். ரொம்ப வருத்தப்பட்டாக சார்.”

திருத்தங்கல்லில் அந்த அச்சகத்தில் தினசரி காலண்டர்தான் பிரதானம். ஒவ்வொரு தாளின் அடியிலும் பன்னிரண்டு ராசிக்கும் ஒவ்வொரு சொல் இருக்கும். மேஷம் சுகம், ரிஷபம் வரவு, மிதுனம் அலைச்சல் என்று ஊரே காலையில் தாளைக் கிழித்ததும் முதலில் அதைத்தான் பார்க்கும்.

ஜோசியர் தருவது ராசிக்கு ஒரு எண் மட்டும்தான். எண்ணைச் சொல்லாக்குவது கம்ப்யூட்டர் ஆபரேட்டர் சீனிவாசகத்தின் வேலை. அதற்கென்றே ஒரு கம்ப்யூட்டர் மொழி வைத்திருந்தான். பெரிய கோப்பை வரி வரியாகப் படித்து, உடைத்து, வேண்டியபடி அடுக்கித் தரும் மொழி. ஆனால் காலண்டருக்கு ஆர்டர் கொடுக்கும் ஒவ்வொரு பார்ட்டிக்கும் தனித்தனி புரோகிராம். எழுதியதையே திரும்பத் திரும்ப எழுதி அவனுக்குக் கழுத்து பிடித்துக்கொண்டதுதான் மிச்சம்.

இந்த வருஷம்தான் ஒரு புத்தகத்தில் படித்தான். அந்த மொழிக்கு நாமே ஒரு புதுச் சொல்லைக் கற்றுக்கொடுக்கலாமாம். அதற்கு ஃபங்ஷன் என்று பெயராம். ஒருமுறை எழுதிப் பொதுவாக வைத்துவிட்டால், எந்தப் புரோகிராமும் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொள்ளலாம். உட்கார்ந்து எழுதினான். ‘பலன்’ என்று பெயர் வைத்தான்.

இவ்வளவு அவசரத்துக்கும் காரணம் இருந்தது. வயது முப்பத்தைந்தைத் தாண்டிவிட்டது. வரன் வரும்போதெல்லாம் காலண்டர் சீசனும் கூடவே வந்து, பெண் பார்க்க லீவு கிடைக்காமல் ஒவ்வொன்றாகத் தட்டிப்போனது. இந்தமுறைதான் மல்லாங்கிணற்றில் ஒரு வரன் கூடிவந்திருக்கிறது. பெண்ணின் அப்பா அய்யாதுரை தை மாதத்தில் முகூர்த்தம் என்று வாய்விட்டுச் சொல்லியிருந்தார். நாள் குறிப்பதுதான் பாக்கி. அதற்குள் வேலை முடிந்தாக வேண்டும்.

“சரி, சிம்மத்துக்குக் கெட்டது வந்தா நல்லதா மாத்துன்னு ஒரு வரி போட்டுர்றேன்” என்றான்.

“வருஷம் பூராவுமா சார்?”

“ஒரு நாளுக்குன்னு தனியா எழுத எனக்குத் தெம்பு இல்லம்மா.”

ஒரே இடத்தில் மாற்றினால் எல்லா இடத்திலும் மாறும். ஃபங்ஷனின் வசதியே அதுதான். வினையும் அதுதான். மறுநாள் முதலாளி வெள்ளைத்துரை கை நிறைய மாதிரித் தாள்களோடு வந்து நின்றார்.

“ஏய்யா சீனி, எந்தப் பார்ட்டி தாளை எடுத்தாலும் சிம்மத்துக்கு லாபம், வெற்றி, பெருமை! எனக்கு மகரம்யா. அலைச்சல், விரயம், கவலை. மொதலு போட்ட எனக்கு இம்புட்டுதானா?”

சீனிவாசகம் எதிர்த்துப் பேசவில்லை. பேசினால் அதற்கும் நேரம் ஆகும். எல்லா ராசிக்கும் கெட்ட சொற்களை எடுத்துவிட்டான்.

சாயங்காலமே முதலாளி திரும்பி வந்தார்.

“என்னய்யா இது, ஊர்ல உள்ள அம்புட்டுப் பேருக்கும் தினமும் லாபமா? எவன்யா நம்புவான்? நல்லதும் கெட்டதும் கலந்து இருந்தாத்தான் அது காலண்டர். நாளைக்கு மெஷின்ல ஏத்தணும், பாத்துக்க.”

அவர் போன பிறகு சீனிவாசகம் கண்ணை மூடிக்கொண்டு நாற்காலியில் சாய்ந்தான். அலுப்பு எலும்புவரை போயிருந்தது.

“கெட்டதைப் போட்டாகணும். ஆனா எந்தப் பார்ட்டி மேலயும் போடக் கூடாது. எங்கன கொண்டு போய்க் கொட்ட?”

பாண்டிச்செல்வி பக்கத்து மேசையில் தலைநிமிராமல் தட்டச்சு செய்துகொண்டே சொன்னாள். “கன்னி ராசிக்குத்தான் நம்மகிட்டப் பார்ட்டி யாரும் இல்ல சார்.”

“அது என் ராசிம்மா.”

“நீங்க இதெல்லாம் நம்புவீகளா சார்?”

“சேச்சே, எழுதுறவனே நான்தானே!”

அச்சகம் முழுக்க அவனை அண்ணே என்றுதான் கூப்பிடும். பாண்டிச்செல்வி மட்டும் சேர்ந்த நாளிலிருந்து சார்தான். படித்த பெண், மரியாதை தெரிந்தவள் என்று நினைத்துக்கொண்டு, அவள் சொன்னபடியே கெட்டதை எல்லாம் கன்னியில் கொட்டினான். முதலாளி இரண்டு தாளைப் புரட்டிப் பார்த்து, “இப்பத்தான்யா காலண்டர் மாதிரி இருக்கு” என்றார். அச்சு ஓடியது.

முதல் காலண்டருக்கு மூலையில் மஞ்சள் தடவி யாராவது வேண்டியவருக்குக் கொடுப்பது அந்த அச்சகத்து வழக்கம். சீனிவாசகம் கேட்டு வாங்கி, பெருமையோடு மல்லாங்கிணற்றுக்கு பஸ் ஏறினான். வருங்கால மாமனார் கையில் கொடுத்துவிட்டு, காப்பி குடித்துவிட்டு வந்தான்.

இரண்டு நாள் கழித்து அச்சகத்துக்குப் போன் வந்தது. பாண்டிச்செல்வி எடுத்து அவனிடம் நீட்டினாள்.

“மாப்ளே, தப்பா நெனைக்காதீக” என்றார் அய்யாதுரை. “முகூர்த்தம் குறிக்கலாம்னு நீங்க குடுத்த காலண்டரைப் புரட்டுனேன். உங்க ராசிக்குத் தை பூராவும் பகை, விரயம், ஏமாற்றம். சரி, மாசி பாப்போம்னா அதுலயும் கவலை. வருஷக் கடைசி வரைக்கும் பாத்துட்டேன். ஒத்த நாள் நல்லால்ல.”

“மாமா, அதெல்லாம் ஜோசியர் எழுதுனது இல்ல. நான் எழுதுனது!”

அந்தப் பக்கம் காலண்டரைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது.

“அப்ப உங்களுக்கே தெரிஞ்சிருக்கு” என்றார் அய்யாதுரை, மிகவும் துயரமாக. “தெரிஞ்சே பொண்ணு கேட்டு வந்திருக்கீக. விட்ருவோம் மாப்ளே.”

போன் வைக்கப்பட்டது. கம்பெனி வேன்கள் வெளியே ஆட்களை இறக்கிவிட்டுப் போகிற சத்தம் கேட்டது. சீனிவாசகத்துக்கு அழுகை வரும்போல இருந்தது. அழவும் தெம்பில்லை. கண்ணுக்கு எட்டிய தூரம் வரை காலண்டர்கள் கட்டுக்கட்டாக அடுக்கியிருந்தன. இனி ஒரு சொல்லையும் மாற்ற முடியாது.

கடைசியில் கோபம் வந்தது. முதலாளி மேல் கோபப்பட முடியாது. ஜோசியர் மேல் தப்பில்லை.

“எல்லாம் அந்த மதுரை ஜவுளிக்கடைக்காரரால வந்தது. அவருக்கு ஒருநாள் நஷ்டம் பொறுக்கல, எனக்கு ஆயுசுக்கும் நஷ்டம். நம்பரைப் போடு, பாண்டிச்செல்வி. நாலு வார்த்தை கேட்டாத்தான் மனசு ஆறும்.”

பாண்டிச்செல்வி போனைத் தொடவில்லை. கம்ப்யூட்டர் திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தவள், முதல்முறையாக நிமிர்ந்து அவனைப் பார்த்தாள்.

“அப்பிடி ஒரு பார்ட்டியே கூப்பிடல சார், என் ராசிதான் சிம்மம்.”