பெருசு எங்கே?

அன்புள்ள மாமாவுக்கு,

வணக்கம். போன் இருக்கும்போது இவளுக்கு எதற்குக் கடிதம் என்று நினைப்பீர்கள். அதற்கு முதலில் மன்னிக்க வேண்டும். எங்கள் வீட்டில் போனை ஸ்பீக்கரில் போடாமல் யாரும் பேசுவதில்லை. நான் வாயைத் திறப்பதற்குள் அப்பா பதில் சொல்லிவிடுகிறார். நீங்களும் அத்தையும் நலம் என்றும், உங்கள் முழங்கால் இப்போது ஏணி ஏற விடுகிறது என்றும் நம்புகிறேன்.

முதல் சம்பளத்தில் எனக்கென்று ஒரு லென்ஸ் வாங்கினேன். கட்டைவிரல் அளவுதான். செல்போன் கேமராவின் மேல் கிளிப் மாதிரி மாட்டினால் எறும்பின் மீசைகூடத் தெரியும். "நம்ம குடும்பத்துலயே முதல் பட்டதாரி, பூச்சிக்குப் போட்டோ எடுக்குது. ஏன், அதுங்க அடையாள அட்டை கேட்டுச்சா?" என்று அப்பா கேட்டார். மூச்சு விட்டாலே படம் கலங்கிவிடும், இதில் பதில் வேறா? போன வாரம் அப்படித்தான் மாடிப்படி ஓரம் பூந்தொட்டி முன்னால் மண்டியிட்டிருந்தேன். கீழ்வீட்டு டீச்சரம்மா வந்து, "என்னம்மா தொலைச்சுட்டே?" என்றார். செடிப்பேனைப் படம் எடுக்கிறேன் என்று சொல்ல வெட்கமாக இருந்தது, "கம்மல்" என்று சொல்லிவிட்டேன். அவ்வளவுதான் மாமா. டீச்சரம்மா வீட்டுக்காரர் டார்ச்சோடு வர, அம்மா துடைப்பத்தோடு இறங்க, தொட்டியைக் கவிழ்த்து மண்ணைச் சல்லடையில் சலிச்சு, அரை மணி நேரத்துல ஒரு கம்மலைக் கண்டும் பிடிச்சுட்டாங்க! என் ரெண்டு காதுலயும் கம்மல் இருந்ததை ஒருத்தரும் பார்க்கலை. அது யாரோடதுன்னு இன்னிக்கு வரைக்கும் தெரியாது. "நான் மட்டும் வரலைன்னா போயே போயிருக்கும்" என்று டீச்சரம்மா பார்க்கும்போதெல்லாம் சொல்கிறார், நானும் பார்க்கும்போதெல்லாம் நன்றி சொல்கிறேன்.

அதோடு விட்டிருக்கலாம். என் அறை ஜன்னல் சட்டத்தில் ஒரு குதிக்கும் சிலந்தி இருக்கிறது. மிளகளவுதான். மொத்தம் எட்டுக் கண். முன்பக்கம் மட்டும் நாலு, நடுவில் உள்ள இரண்டும் கார் விளக்கு மாதிரி. படம் அவ்வளவு அழகாக வந்ததில் தலைகால் புரியாமல், குடும்பக் குரூப்பில் "என் அறைத்தோழி" என்று போட்டுவிட்டேன். அளவு எழுத மறந்துவிட்டேன். அப்பா பார்த்த உடனே குடையை எடுத்து என் கட்டிலுக்கடியில் குத்த ஆரம்பிச்சுட்டார். "பூனை சைஸ் இருக்கும்டி!" அம்மா போனை நீட்டிப் பிடித்துப் பார்த்துவிட்டு, "முறைக்கிறதைப் பாருங்க, அப்படியே உங்க தங்கச்சி" என்றார். நான் ஜன்னலைக் காட்டி, "இதுதான்பா அது" என்றேன். அப்பா குனிந்து நன்றாகப் பார்த்தார்.

"இது குட்டி. பெருசு எங்கே?"

அன்றிலிருந்து இரண்டு பேரும் ஹாலில் சோபா மேல் காலைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் உட்காருகிறார்கள். "மச்சான், வர்ற ஞாயித்துக்கிழமை வீடு பூரா மருந்தடிச்சிருங்க" என்று அப்பா உங்களிடம் போனில் சொன்னபோது, பின்னாலிருந்து "உம்" என்றது நான்தான். பதினைந்து வருஷமாக உங்கள் மருந்துக்குத் தப்பிய பூச்சி கிடையாது என்று எல்லோருக்கும் தெரியும். ஆகவே நானும் முழு மனதோடு அழைக்கிறேன். அவசியம் வாருங்கள். அத்தைக்கு என் வணக்கம். உங்கள் முழங்கால் இன்னும் நூறு ஏணி ஏறட்டும்.

இப்படிக்கு,
உங்கள் அக்கா மகள்

பி.கு.: முழு மனதோடு என்று எழுதியது பொய், மாமா. அந்தப் படத்தை இன்னொரு முறை பாருங்கள். எல்லோரும் கண்ணைத்தான் பார்த்தார்கள். பின்னால் வெள்ளையாகத் தெரிவது அவள் நூலால் கட்டிய பை. உள்ளே முட்டைகள். பத்து நாளாக அதைவிட்டு நகராமல் காவல் இருக்கிறாள். உங்கள் தொழிலுக்கு இது அவமானம் என்று தெரியும். இதுவரை நான் யாரிடமும் எதுவும் கேட்டதில்லை, எப்படிக் கேட்பது என்றும் தெரியவில்லை. நாற்றம் அடிக்காவிட்டால் அப்பா நம்பமாட்டார், அதனால் வாசலில் கொஞ்சம் பினாயில் தெளித்துவிடுங்கள். ஆனால் இந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை மட்டும், மருந்து டப்பாவில் வெறும் தண்ணீர் ஊற்றிக்கொண்டு வருவீர்களா?