முதல் ‘யோ’ உபயம்

உலக இசையின் போக்கை மாற்றிய ஊர்களுக்கு யாராவது பட்டியல் போட்டால் மைசூரை மறந்துவிடக் கூடாது. மறந்தால் காவிரிக்கரைத் தமிழர் நற்பணி மன்றம் கண்டனத் தீர்மானம் நிறைவேற்றும். தீர்மானத்தைக் கண்காணிக்கத் துணைக்குழுவும் போடும். 1996-இல் இருபது வயது சந்துரு பாடிய முதல் ராப் கேசட்டை ஒரு நிர்வாகக் குழுவே கூடிப் பேசி இயற்றியது. இப்படியொரு பாக்கியம் அமெரிக்காவில் எந்தப் பாடகனுக்கும் கிடைத்ததில்லை.

சந்துருவின் ‘திறமை’ வெளிப்பட்டது அந்த வருஷத்துப் பொங்கல் விழாவில். வரவேற்புரை படிக்க வேண்டியவருக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. ‘தலைவர் அவர்களே’ என்று தொடங்கி, சுண்டலுக்குக் கடலை கொடுத்தவர் வரை நூற்று எண்பது பேரை விளித்து முடிக்க வழக்கமாக முக்கால் மணி நேரம் ஆகும். கேபிள் டிவி பார்த்து ராப் பழகியிருந்த சந்துரு அதை ஐந்தே நிமிஷத்தில் முடித்தான். மன்ற வரலாற்றில் முதல் முறையாகச் சுண்டல் சூடாகக் கிடைத்தது. செயலாளர் மாணிக்கவாசகத்துக்குக் கண் கலங்கிவிட்டது. இந்தக் கலையை எதற்காகக் கண்டுபிடித்தார்கள் என்பது அவருக்கு அன்றைக்குத்தான் விளங்கியது.

“தம்பி, இந்த வேகத்துல போனா அடுத்த தடவை முந்நூறு பேரைச் சேர்க்கலாமே!” என்றார். “மன்றக் கட்டடத்துக்கு முதலாண்டு விழா வருது. உன் குரல்ல கேசட் போடுறோம். ஸ்டுடியோ ரெண்டு நாள் நம்ம செலவு.”

சந்துரு உடனே தலையாட்டினான். அவனிடம் மூன்று நிமிஷப் பாட்டு ஒன்று இருந்தது. மன்றக் கட்டடத்தைக் கட்டிய மேஸ்திரி அவனுடைய அப்பா அய்யாசாமி, மார்டள்ளி கிராமத்துக்காரர். கட்டடத்தின் முகப்பில் பளிங்குக் கல் பதித்து, ஃபேன் கொடுத்தவர், நாற்காலி கொடுத்தவர், வாசலுக்கு மிதியடி கொடுத்தவர் என்று எல்லாருடைய பெயரையும் வெட்டியிருந்தார்கள். அந்தக் கல்லைச் சுவரில் பதித்து, மட்டப்பலகை வைத்துச் சரிபார்த்தவரும் அய்யாசாமிதான். அவர் பெயர் அதில் இல்லை. அந்தப் பெயரைக் கேசட்டில் ஏற்றிவிட வேண்டும் என்பது ஒன்றுதான் சந்துருவின் வெறி.

நிர்வாகக் குழு கூடியது. பாட்டுத் தாள்கள் சுற்றுக்கு விடப்பட்டன.

“இதென்ன, அங்கங்க ‘யோ’ன்னு எழுதியிருக்கு?” என்று கேட்டார் ஜவுளிக் கடை மல்லப்பன்.

“அது சும்மா, தாளத்துக்குச் சொல்றதுங்க.”

“மொத்தம் எத்தனை வரும்?”

“முதல் பாட்டுல பன்னெண்டு வருங்க.”

குழுவினர் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பன்னிரண்டு இடங்கள் காலியாக இருக்கின்றன. ஒன்றுக்குக்கூட உபயதாரர் இல்லை!

அடுத்த அரை மணி நேரத்தில் பன்னிரண்டு ‘யோ’வும் ஒதுக்கீடாகிவிட்டன. முதல் ‘யோ’ மல்லப்பனுக்கு. சிமெண்ட் கடை காளிதாஸ் தனக்கும் முதல் ‘யோ’தான் வேண்டுமென்று முறுக்கிக்கொண்டு வாசல் வரைக்கும் போய்விட்டார். அவரைக் கையைப் பிடித்து அழைத்து வந்து, சந்துரு மூச்சு வாங்கும் இடங்கள் அனைத்தையும் அவர் பெயருக்கே எழுதிக் கொடுத்தார்கள்.

“ஐயா, கடைசிப் பாட்டு மட்டும் என்னோடது. எங்கப்பாவைப் பத்தி. அதுல உபயம் எதுவும் வேண்டாங்க” என்றான் சந்துரு.

“அப்பா என்ன உபயம் செஞ்சாரு?” என்று கனிவாகக் கேட்டார் மாணிக்கவாசகம்.

“இந்தக் கட்டடத்தையே கட்டுனாருங்க.”

“அது கூலிக்குச் செஞ்ச வேலை தம்பி. மிதியடி குடுத்தவரு சும்மா குடுத்தாரு. வித்தியாசம் இருக்குல்ல?”

சந்துரு தன் பாட்டுத் தாளை மடித்துப் பைக்குள் வைத்தான். அவன் முகத்தைப் பார்த்த செயலாளர், மன்றத்துக்கே உரிய தாராளத்துடன், “சரி சரி, கடைசியில பாடிக்க. இடம் இருந்தா பார்ப்போம்” என்றார்.

ஸ்டுடியோ பசவராஜுடையது. அதுவரை சாமிப் பாட்டு மட்டுமே பதிவானதால், எதைப் பாடினாலும் மலைக்கோயிலிலிருந்து பாடுவது மாதிரியே கேட்கும்.

“நோடு கண்ணா, இது அறுபது நிமிஷ கேசட்டு. இழுத்தா நீள்றதுக்கு ரப்பர் இல்ல” என்றார் பசவராஜ், கன்னடம் கலந்த தமிழில்.

சந்துரு பாடினான். “யோ! இந்த ‘யோ’ உபயம், ஜவுளிக் கடை மல்லப்பன்! மூச்சு! இந்த மூச்சு உபயம், சிமெண்ட் கடை காளிதாஸ்!” இரண்டாம் நாள் செயலாளர், ‘விட்டுப்போனவர்கள்’ என்று இன்னும் முப்பத்து நான்கு பேருடன் வந்து சேர்ந்தார். ஒவ்வொரு பெயரும் அப்பாவின் மூன்று நிமிஷத்தைக் கடித்துத் தின்றது. சந்துரு வேகத்தைக் கூட்டினான். இன்னும் கூட்டினான். நடுவில் மூச்சுவிடவும் முடியவில்லை. விட்டால் காளிதாஸ் பெயரைச் சொல்ல வேண்டுமே! நாக்கு குழறி, கண் இருட்டி, இருநூற்றுப் பதினான்கு பேரையும் கரை சேர்த்தான்.

பசவராஜ் கடிகாரத்தைப் பார்த்தார். “சரியா மூணு நிமிஷத்துக்கு ஜாகா இருக்கு. பேகா, சீக்கிரம் பாடு!”

சந்துரு பாடினான். அழுதுகொண்டேதான் பாடினான், ஆனால் ஓர் அட்சரம் பிசகவில்லை.

விழா நாளன்று மன்றத்தில் உட்கார இடமில்லை. கடைசி வரிசையில் வெள்ளைச் சட்டை போட்டு அய்யாசாமி உட்கார்ந்திருந்தார். மேடையில் கேசட் ஓடியது. ஒவ்வொரு ‘யோ’வுக்கும் உரியவரைச் செயலாளர் மைக்கில் அழைத்தார், உரியவர் ஓடி வந்து சால்வை வாங்கிக்கொண்டார். காளிதாஸ் மூச்சுக்கு மூச்சு வந்தார்.

கேசட்டைத் திருப்பிப் போட்டதும் சந்துருவுக்குத் திக்கென்றது. கேட்டது அவன் குரல் இல்லை, மாணிக்கவாசகத்தின் குரல். கேசட்டுக்கு அணிந்துரை இல்லாவிட்டால் நன்றாயிருக்காது என்று, அவன் போன பிறகு தனியாக வந்து பேசியிருந்தார். சுருக்கமாகத்தான், இரண்டு நிமிஷம்.

அட பாவி! மற்றதெல்லாம் இரண்டு நிமிஷம் பின்னால் தள்ளிப் போயிருக்குமே! டேப்பின் சக்கரத்திலிருந்து சந்துரு கண்ணை எடுக்கவில்லை. கடைசிப் பாட்டு தொடங்கியது.

“செங்கல்லு மேல செங்கல்லு வெச்சு
சோறு மறந்து சாந்து கொழச்சு
இந்த மன்றத்தைக் கட்டுனது ஆரு? கேளு!
எங்கப்பன்! எங்கப்பன்! அவரு பேரு—”

டக்.

கேசட் தீர்ந்துவிட்டது. விழா மேடையில் ஓர் இடம் பெயரில்லாமல் காலியாகக் கிடப்பதை மாணிக்கவாசகத்தால் எந்தக் காலத்திலும் பொறுக்க முடியாது. மைக்கைப் பிடித்தார்.

“மல்லப்பன்! ஜவுளிக் கடை மல்லப்பன் அவர்கள்!”

மல்லப்பன் கூச்சத்தோடு வந்து இரண்டாவது சால்வையையும் வாங்கிக்கொண்டார். கைதட்டல் கூரையைப் பிளந்தது.

“யாருடைய பெயராவது விடுபட்டிருந்தால் பொறுத்தருள வேண்டும்” என்று முடித்தார் செயலாளர். யாரும் எழுந்திருக்கவில்லை. எல்லாருக்கும் பரம திருப்தி.

சந்துரு கூட்டத்தை இடித்துக்கொண்டு கடைசி வரிசைக்கு ஓடினான். அப்பாவும் கைதட்டிக்கொண்டிருந்தார்.

“அப்பா, நீங்க எதுக்குத் தட்டுறீங்க?”

அய்யாசாமி நிறுத்தவில்லை. அண்ணாந்து விட்டத்தைப் பார்த்தபடி சொன்னார்:

“மல்லப்பன் கட்டுனதாமா கண்ணு. அருமையாக் கட்டியிருக்காப்டி. அப்ப நாங் கட்டுனது வேற ஏதோ கட்டடமாட்ட இருக்குது.”